பூட்டிய வீட்டுக்குள் ஓயாத சிக்னல்: செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோனாபட்டு, ராயவரம் என்று நம் ஊர்களில் எங்கே கல்யாணம், மணிவிழாச் சாந்தி, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றாலும் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. சில தெருக்களில், குறிப்பிட்ட சில வீடுகளுக்கு முன்னால் நிறுத்திய கார்கள் மட்டும் ரிமோட்டுக்குப் பூட்டுவதும் இல்லை, திறப்பதும் இல்லை. அதே காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினால் அதே சாவி ஒரே அமுக்கில் வேலை செய்கிறது. வந்தவர்கள் சாவிக்குப் புது பேட்டரி போடுகிறார்கள், பிறகு செல்போன் டவரைக் குறை சொல்கிறார்கள், கடைசியில் காரைப் பூட்டாமலே பந்திக்குப் போய்விடுகிறார்கள். பின் சீட்டில் பட்டுப்புடவையும் வெள்ளிச் சாமானும் இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

கோளாறு காரில் இல்லை. அக்கம்பக்கத்தில் ஏதோ ஒரு வயர்லெஸ் கருவி, கார் சாவி பேசும் அதே அலைவரிசையில் நிறுத்தாமல் சிக்னல் விட்டுக்கொண்டிருக்கிறது. நம் ஊர்களில் அந்தக் கருவி பூட்டிய வீட்டுக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால்தான் இந்த வட்டாரத்தில் கார் எலக்ட்ரிக்கல், சாவி, அலாரம், கேமரா வேலை செய்யும் நாங்கள் மாநகராட்சிக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் அவரைப் போனில் பிடித்து, “வீட்டைத் திறந்து மெயினை நிறுத்திப் பார்க்கலாமா?” என்று கேட்கிற உறவும் உரிமையும் உங்களுக்குத்தான் உண்டு. எங்களால் தெருவில் நின்று வீட்டைக் காட்டத்தான் முடியும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: பூட்டிய வீடுகளில் என்னென்ன வயர்லெஸ் கருவிகள் ஓடுகின்றன என்று ஒரு பதிவு, தேவைப்பட்டால் அவற்றை நிறுத்திப் பார்க்க வீட்டுக்காரரின் முன் அனுமதி, இனிமேல் பொருத்துகிறவர்களுக்குச் சில நிபந்தனைகள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நம் நாட்டில் விற்கும் கார்களில் பெரும்பாலானவற்றின் சாவி 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. ஜப்பானிய வழக்கப்படி 315 மெகாஹெர்ட்ஸில் பேசும் சாவிகளும் ஆங்காங்கே உண்டு. 433 முதல் 434 வரையிலான அலைவரிசையில், 10 மில்லிவாட் சக்திக்குள், உரிமம் இல்லாமலே சிறு கருவிகளை ஓட்ட அரசு அனுமதித்திருக்கிறது. அதனால் கார் சாவியோடு வயர்லெஸ் காலிங் பெல், திருட்டு அலாரத்தின் கதவு சென்சார், ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார், மோட்டாரை ரிமோட்டில் போடும் ஸ்டார்ட்டர், மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் காட்டும் கருவி, ஷட்டர் ரிமோட், சீரியல் செட் ரிமோட், காரின் டயர் காற்று சென்சார் எல்லாம் அதே குறுகிய இடத்தில்தான் பேசுகின்றன. சாதாரணமாக இவற்றால் ஒன்றுக்கொன்று தொந்தரவு வராது. ஒவ்வொன்றும் ஒரு நொடிக்கும் குறைவாகப் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஒன்று வாயை மூட மறந்தால்தான் சிக்கல்.

கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு சொன்னது எப்படிக் கேட்காதோ, அதுதான் காருக்கும் நடக்கிறது. பல சாவிகள் சிக்னலை விட்டுவிட்டு அனுப்பித்தான் குறியீட்டைச் சொல்கின்றன. சிக்னல் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். பக்கத்தில் ஒரு கருவி இடைவிடாமல் சிக்னல் விட்டால், பூஜ்யம் வரவேண்டிய இடைவெளிகள் எல்லாம் நிரம்பிவிடும். கார் எதையும் படிக்க முடியாது. போதாததற்கு, பலத்த சிக்னல் வரும்போது காருக்குள் இருக்கும் ரிசீவர் தன் காதைத் தானே மந்தமாக்கிக்கொள்ளும். சாவியின் சக்தி பெரும்பாலும் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. அதே தூரத்தில் 10 மில்லிவாட் கருவி ஒன்று விடாமல் கத்தினால் சாவியின் குரல் எடுபடாது. சாவியைக் காருக்கு ஓரடி தூரத்தில் வைத்து அமுக்கினால் மட்டும் திறப்பது இதனால்தான்.

செல்போன் டவரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் செல்போன் சேவைகள் 700, 800, 900, 1800, 2100, 2300, 2500, 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகின்றன. 433-க்கு அவை வெகுதூரம். டவரின் மேல் பழி போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் உண்மையான கருவி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

2019-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதும் கார் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வேலை செய்யாமல் போயின. கடைசியில் கண்டுபிடித்தது, ஒரு வீட்டில் இருந்தவர் தானே செய்துவைத்திருந்த, வீட்டுக்குள் ஆள் இருப்பதை உணர்த்தும் பேட்டரிக் கருவி. அது 315 மெகாஹெர்ட்ஸில் விடாமல் சிக்னல் விட்டுக்கொண்டிருந்தது. தன் கருவியால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்பது அவருக்கே தெரியாது. ஒரு வீட்டில் இருக்கும் ஒரு சின்னக் கருவி ஒரு பகுதியையே முடக்கிவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறோம். அங்கே கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தார்.

இப்போது நம் வீடுகளுக்கு வருகிறோம். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள் இவை. நடுவில் வளவு என்ற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எத்தனையோ கதவுகள். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீட்டுக்குச் சிலை, மரவேலைத் திருட்டுக்குப் பயந்து அலாரம் போடுவது நியாயம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சில் காடி வெட்டி வயர் பதித்தால் பிறகு அந்த மெருகைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால், பொருத்துகிறவர்கள் வயர்லெஸ் சென்சார்களை மாட்டிவிடுகிறார்கள். அதுவும் புரிகிறது. ஆனால் முகப்பில் இருக்கும் அலாரம் பேனலுக்குப் பின்கட்டு சென்சாரின் சிக்னல் எட்டாது. பருமனான சுண்ணாம்புச் சுவர் நான்கைந்தைத் தாண்ட வேண்டும். அதற்காக நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைக்கிறார்கள். போதாமல் இன்னொன்று.

பிரச்சினையின் வேர் பலமுறை இந்த இரண்டாவது ரிப்பீட்டர்தான். மலிவான ரிப்பீட்டர், காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். தான் ஏற்கெனவே சொன்னதா, புதிதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு ரிப்பீட்டர்கள் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால், கதவு சென்சார் ஒருமுறை பேசினால் போதும். முதலாவது சொல்ல இரண்டாவது திருப்பிச் சொல்ல, அதைக் கேட்டு முதலாவது மறுபடி சொல்ல, நாள் கணக்கில் அது நிற்காது. இரண்டும் அடாப்டரில் ஓடுவதால் பேட்டரி தீர்ந்து அடங்கவும் வழியில்லை. அலாரம் ஏற்கெனவே பதிவான சென்சாரின் குறியீட்டைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறது என்பதால், பேனலை ஆர்ம் செய்யாமல், அதாவது காவல் நிலையில் போடாமல், விட்டிருந்தால் சைரனும் அடிக்காது. வீடு அமைதியாக இருக்கும், தெருவில் ஒரு காரும் திறக்காது.

இது தவிர, அடிக்கடி பார்க்கக்கூடிய வேறு காரணங்களும் உண்டு. மாடியில் தண்ணீர்த் தொட்டியோடு வைத்த வயர்லெஸ் கருவியில் மிதவை ஸ்விட்ச் தண்ணீர் அலையும்போதெல்லாம் தட்டித் தட்டிப் பிரியும்; ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு சிக்னல். உயரத்தில் இருப்பதால் அந்தச் சிக்னல் தெரு முழுக்க எட்டும். வாசல் தூணில் மழை படும் இடத்தில் ஒட்டிய காலிங் பெல் பட்டனில் தண்ணீர் புகுந்து தகடு துருப்பிடித்தால் பட்டன் அமுங்கியபடியே நின்றுவிடும். சில மலிவு சென்சார்களில் பேட்டரி இறங்கும்போது உள்ளே இருக்கும் சிப் நின்று நின்று மறுபடி எழும், எழும் ஒவ்வொரு தடவையும் “நான் இருக்கிறேன்” என்று சிக்னல் விடும்.

எது என்று பிரித்தறிய ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. காலிங் பெல் பட்டனிலும் பழைய ரிமோட்டுகளிலும் இருக்கும் 23ஏ என்ற 12 வோல்ட் சின்ன பேட்டரியில் சுமார் 50 மில்லி ஆம்பியர் மணி மின்சாரம்தான் இருக்கும். விடாமல் சிக்னல் விட்டால் சுமார் 10 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஐந்தாறு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். காசு பேட்டரியான சி.ஆர். 2032-இல் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. அதுவும் ஒரு நாள் தாண்டுவது கஷ்டம். ஆகவே தொந்தரவு ஒரே நாளில் தானாக நின்றுபோனால் பேட்டரிக் கருவி. வாரக்கணக்கில் நீடித்தால் அது கரண்டில் ஓடுகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பட்டன்களைத் தேடி அலைவதை விட்டுவிட்டு அடாப்டர்களைத் தேடுங்கள்.

அடுத்த சோதனைக்குக் காசு செலவே இல்லை. துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மாதாந்திர மின்தடை அறிவிக்கிறார்களே, அந்த நாளில் காலை கரண்ட் போன பிறகு பத்து நிமிடம் கழித்து, தொந்தரவு உள்ள இடத்தில் காரை நிறுத்தி ரிமோட்டை அமுக்கிப் பாருங்கள். வேலை செய்தால், பேட்டரி பேக்கப் இல்லாத கருவிதான் காரணம்: ரிப்பீட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், தொட்டிக் கருவி. கரண்ட் போயும் தொந்தரவு அப்படியே இருந்தால், 12 வோல்ட் பேட்டரி வைத்த அலாரம் பேனல் அல்லது இன்வர்ட்டர் உள்ள வீடு. இன்னும் துல்லியமாக, கரண்ட் போய் மூன்று மணி நேரம் கழித்துத் தொந்தரவு நின்றால், பேக்கப் பேட்டரி பழசாகித் தேய்ந்த வீடு என்று பொருள். மின்தடை நாளில் அரை மணிக்கு ஒருமுறை அமுக்கி நேரத்தோடு எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்துவிட்டது.

வீட்டை அடையாளம் காண்பதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது. தொந்தரவு படுவது காரின் ரிசீவரில்தான், சாவியில் இல்லை. நகர்த்த வேண்டியது காரை. புது பேட்டரி போட்ட சாவியோடு ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் ஒரு முனையில் நிறுத்தி, காரின் பின்பக்கமாக நேர்கோட்டில் நடந்துகொண்டே, மார்பு உயரத்தில் சாவியைப் பிடித்து, எத்தனை அடி வரை ரிமோட் வேலை செய்கிறது என்று எண்ணுங்கள். காரை இருபது தப்படி நகர்த்தி மறுபடியும் அதே மாதிரி. தொந்தரவு இல்லாத இடத்தில் 30 அடி எட்டுகிற சாவி, ஒரு வீட்டுக்கு முன்னால் 3 அடிதான் எட்டினால், அந்த வீடு அல்லது அதற்கு நேர் எதிர்வீடு. பின் தெருவிலும் இதே மாதிரி செய்தால்தான் முடிவு தெரியும், ஏனென்றால் நம் வீடுகளுக்கு இரண்டு தெரு. பின் தெருவில் எட்டும் தூரம் முன் தெருவைவிடக் குறைவாக இருந்தால் கருவி பின்கட்டில் இருக்கிறது. கார் டிரைவர் ஒருவரும் நோட்டு பிடிக்க ஒருவரும் இருந்தால் ஒரு தெருவுக்கு ஒரு மணி நேரம் போதும்.

இதைச் செய்வதற்கு முன் சாவியே காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காசு பேட்டரி புதிதாக இருக்கும்போது மீட்டரில் 3.2 வோல்ட் காட்டும். வெறும் பேட்டரியில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். தேய்ந்த பேட்டரியும் 3 வோல்ட் காட்டும். 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். சாவி வேலை செய்யும்போது இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்போது 2.6-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். 2032 போடும் இடத்தில் 2025-ஐப் போட்டால் 0.7 மில்லிமீட்டர் மெலிது, தகடு பட்டும் படாமலும் இருக்கும். சாவி கீழே விழுந்து அடிபட்டிருந்தால் உள்ளே அலைவரிசையைத் தீர்மானிக்கும் சின்ன ரெசனேட்டர் விரிசல் விட்டு, அலைவரிசை 433.92-இலிருந்து விலகியிருக்கலாம்; சாவிக் கடைகளில் இருக்கும் ஃப்ரீக்வென்சி டெஸ்டரில் இது ஒரு நொடியில் தெரியும். காருக்குள்ளேயே தொந்தரவு இருப்பதும் உண்டு. லைட்டர் சாக்கெட்டில் செருகிய மலிவு யு.எஸ்.பி. சார்ஜர், டேஷ்கேமராவின் அடாப்டர், பிறகு போட்ட எல்.இ.டி. பல்புகள் எல்லாம் ரிசீவருக்குப் பக்கத்தில் இரைச்சல் போடும். அவற்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரே கார் எல்லா ஊரிலும் படுத்தினால் காரில் கோளாறு. எல்லாக் கம்பெனிக் கார்களும் ஒரே இடத்தில் படுத்தினால் இடத்தில் கோளாறு.

பழைய கார்களில் வெளியே வாங்கிப் பொருத்திய சென்ட்ரல் லாக் கிட்டுகளுக்குத் தனிக் குறை உண்டு. அதன் ஆன்டெனா என்பது ஒரு வெறும் கம்பி. சுமார் 17 சென்டிமீட்டர், அதாவது 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால் நீளம். பொருத்துகிறவர்கள் அதைச் சுருட்டி மற்ற வயர்களோடு சேர்த்து டேப் சுற்றிவிடுகிறார்கள். கண்ணாடித் தூண் ஓரமாக அதை நேராக நிமிர்த்தி விட்டாலே எட்டும் தூரம் கூடும். கம்பியை வெட்டவோ நீட்டவோ கூடாது.

வீடு இன்னதென்று சந்தேகம் வந்த பிறகு உள்ளே கருவியைப் பிடிக்க ரேடியோ கருவி உதவும். கம்ப்யூட்டரில் செருகும் சின்ன யு.எஸ்.பி. ரிசீவரும், சிக்னலைத் திரையில் படமாகக் காட்டும் ஒரு மென்பொருளும், சிக்னலைப் படித்துச் சொல்லும் ஆர்.டி.எல். 433 என்ற இலவச மென்பொருளும் போதும். திரையில் 433.92-இல் கோடு ஒன்று இடைவிடாமல் கீழே இறங்கினால் அமுங்கி நின்ற பட்டன் அல்லது கெட்டுப்போன டிரான்ஸ்மிட்டர். சமமான இடைவெளியில் புள்ளி புள்ளியாக வந்தால் ரிப்பீட்டர் எதிரொலி. பல நேரங்களில் ஆர்.டி.எல். 433 கருவியின் வகையையும், பேட்டரி இறங்கியிருக்கிறதா என்பதையும் எழுத்தில் காட்டிவிடும். காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறை இருக்கிறது. ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் பெற்றவர்கள் ரேடியோ கைக்கருவியோடு வந்தாலும் சரி. சங்கத்தின் சார்பில் நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

கைக்கருவி வைத்துத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி: கருவியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நம் உடம்பே சிக்னலைத் தடுக்கும். எந்தப் பக்கம் முதுகு இருக்கும்போது சிக்னல் மிகக் குறைகிறதோ, அந்த முதுகுப் பக்கம்தான் கருவி. நெருங்கியதும் எல்லாப் பக்கமும் முழுச் சிக்னல் காட்டும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஒரு பேப்பர் கிளிப்பைச் செருகினால் போதும். வளவுக்குள் போனால் சிக்னல் தூணிலும் இரும்புக் கிராதியிலும் பட்டுத் திரும்பி ஏமாற்றும். அங்கே திசை பார்ப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு சாக்கெட்டாக அணைத்துப் பார்ப்பதே மேல். வாசலில் ஒருவர் காரின் ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருக்க, உள்ளே இருப்பவர் முதலில் மெயினை, பிறகு இன்வர்ட்டரை, பிறகு பேனலின் பேட்டரி வயரை என்று வரிசையாக நிறுத்த வேண்டும். மெயினை நிறுத்திய உடனே கார் திறக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. பேனலுக்குள் பேட்டரி இருக்கிறது.

பொருத்துகிறவர்களிடம் கேட்க வேண்டிய நிபந்தனைகளுக்கு வருகிறோம். எங்களில் அலாரமும் கேமராவும் பொருத்துகிறவர்களும் இருக்கிறோம், அதனால் எங்களையும் கட்டுப்படுத்தும் வார்த்தைகளாகவே இவற்றைச் சொல்கிறோம். வயர்லெஸ் கருவி எதுவானாலும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் கருவி வகை ஒப்புதல் எண் இருக்க வேண்டும். பில்லில் அலைவரிசையை எழுத வேண்டும். ஒரே வீட்டில் 433-இல் இரண்டு ரிப்பீட்டர் வைக்கவே கூடாது. ஒன்றுக்கு மேல் தேவைப்படும் அளவுக்கு வீடு பெரிது என்றால் அந்த வீட்டுக்கு வயர்லெஸ் சரிப்படாது, வயர் இழுத்துவிட வேண்டும். நான்கு கோர் அலாரம் கேபிளைச் சுவரில் பதிக்காமல், தூண்களுக்கு மேலே ஓடும் உத்திரத்தின் மறைவில், பழைய ஆணி இருந்த இடங்களிலேயே கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம். நிலையிலும் சிற்ப வேலை உள்ள கதவிலும் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. உட்பக்கத்து வெற்றுச் சட்டத்தில் காந்த சென்சாரை வைத்தால் போதும். தேக்குக் கதவு மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். நெருங்கி நிற்க வேண்டிய சாதாரண சென்சார் பொய் அலாரம் கொடுத்தே தீரும். 40 மில்லிமீட்டர் இடைவெளி தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வயர்லெஸ்தான் வேண்டும் என்றால் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் கருவிகள் நம் நாட்டிலும் அனுமதிக்கப்பட்டவை. அவை கார் சாவியோடு மோதாது. விலை கூடுதல், ஆனால் சுவரைத் தாண்டும் வகைகளும் அதில் கிடைக்கின்றன. 433-இல் இருக்கும் சென்சார்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றி, மாற்றிய மாதத்தைச் சென்சாரின் மேலேயே எழுத வேண்டும். பூட்டிய வீட்டின் வெக்கையில் பேட்டரி கசிந்து போர்டையே அரித்துவிடும். பேனலை முகப்பிலோ பட்டாலையிலோ வையுங்கள். வீடு பார்த்துக்கொள்கிறவர் கையில் அந்தப் பகுதியின் சாவி இருக்க வேண்டும்.

கல்யாண ஏற்பாட்டாளர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பந்தி பரிமாறுகிறவர்களும் கார் நிறுத்தத்தைப் பார்க்கிறவர்களும் இப்போது வாக்கிடாக்கி வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பேச அனுமதி உள்ள வாக்கிடாக்கி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ஆன்லைனில் வாங்கும் 5 வாட் கருவியில் யாரோ கை போன போக்கில் 433 என்று அலைவரிசை போட்டுவிடுகிறார்கள். 5 வாட் என்பது 10 மில்லிவாட்டைப் போல் 500 மடங்கு. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் வரை அந்த வரிசையில் ஒரு காரும் பூட்டாது. இந்தத் தொந்தரவு விட்டுவிட்டு வரும், விசேஷம் முடிந்ததும் மறைந்துவிடும். மண்டபம் கொடுக்கும்போது ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்றே செய்கிறவர்களும் இருக்கலாம். சிக்னலை முடக்கும் ஜாமர் கருவியைத் தனியார் வைத்திருப்பதே சட்டவிரோதம். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் போன்று கூட்டம் கூடும் நாளில், அதுவரை தொந்தரவே இல்லாத இடத்தில், கார்கள் வந்து நிற்கும் நேரத்தில் மட்டும் ரிமோட் செத்துப்போனால் உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டுக் கருவிக்கும் இதற்கும் வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது. வீட்டுக் கருவி நள்ளிரவிலும் கத்தும்.

தொந்தரவு உள்ள தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு விருந்து அழைப்போடு இரண்டு வரி சொல்லிவிடலாம். ரிமோட்டை அமுக்கிவிட்டு நடந்துவிடாமல் கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். திறந்திருந்தால் சாவியைக் கதவில் போட்டுத் திருப்பிப் பூட்டுங்கள். பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் கார்களிலும் ரிமோட்டுக்குள் ஒரு தகட்டுச் சாவி ஒளிந்திருக்கும். பல கார்களில் கைப்பிடி மூடியைக் கழற்றினால்தான் துவாரம் தெரியும். பல ஆண்டுகள் திருப்பாத துவாரத்துக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டி இறுகிவிடும். கிராஃபைட் பொடி போதும். சாவியால் திறந்தால் சில கார்களில் அலாரம் அடிக்கும், எஞ்சினைப் போட்டதும் நின்றுவிடும். ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பெரும்பாலான கார்கள் கிளம்பும். அது பேட்டரியும் 433-உம் இல்லாமல் வேலை செய்யும் தனி வழி, சில மாடல்களில் மட்டும் இடம் வேறு. கோபத்தில் முப்பது தடவை அமுக்குவதால் பயனில்லை. சாவியும் காரும் ஒவ்வொரு அமுக்குக்கும் எண்ணை மாற்றிக்கொள்கின்றன. கார் கேட்காமல் சாவி மட்டும் பதினாறு எண்ணுக்கு மேல் ஓடிவிட்டால், பரவலாக உள்ள ஒரு வகைச் சாவியில், வேறு இடத்துக்குப் போன பிறகும் முதல் அமுக்கு வீணாகும். இரண்டாவது அமுக்கில் இரண்டும் ஒத்துப்போய்விடும். சாவி கெட்டுவிட்டது என்று யாராவது புது சாவி விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

அரசிடம் புகார் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம் சென்னையில் இருக்கிறது. ஆனால் உரிமம் இல்லாமல் ஓடும் கருவிகளுக்கு, கார் சாவி உட்பட, மற்றவர் தொந்தரவிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. அதனால் புகாரை எழுதும்போது தேதி, நேரம், தெரு, அடி அளந்த நோட்டு, மின்தடை நாளின் பதிவு, திரையில் தெரிந்த கோட்டின் படம் எல்லாம் சேர்த்து, அனுமதித்த சக்தியை மீறிய கருவி அல்லது ஒப்புதல் இல்லாத கருவி என்று சந்தேகிப்பதற்கான காரணத்தையும் எழுதினால்தான் பலன் இருக்கும். அதுவரை காத்திருக்காமல் ஊருக்குள்ளேயே முடிப்பது சுலபம்.

கடைசியாக அந்தப் பதிவைப் பற்றி. எந்த வீட்டில் அலாரம் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்ற பட்டியல் திருடனுக்கும் தங்கம். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், போட்டோ எடுக்கவும் விடாதீர்கள். ஒரே ஒரு நோட்டு, சங்கப் பீரோவில் பூட்டி இருக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்: கருவிகள், அலைவரிசை, பொருத்திய வருஷம், பேட்டரி மாற்றிய மாதம், பேனல் இருக்கும் கட்டு, சாவி வைத்திருப்பவர், எதை நிறுத்த வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார் என்ற ஒரு வரி, அவர் கையெழுத்து. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போதே கையெழுத்து வாங்கிவிடலாம்.

தை பிறப்பதற்குள் ஒரு மாதாந்திர மின்தடை நாளை எங்களுக்குச் சொல்லுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு கார், ஒரு மீட்டர், ஒரு ரிசீவரோடு எங்களில் இருவர் காலை எட்டரைக்கே வந்து நிற்கிறோம். கூலி வேண்டாம். சந்தேகப்படும் வீட்டின் சாவியோடு வீடு பார்த்துக்கொள்கிற அண்ணனும், வீட்டுக்காரரோடு போனில் பேசச் சங்கத்திலிருந்து ஒரு பெரியவரும் உடன் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்துக் கார் எலக்ட்ரீசியன்கள், சாவி வேலை செய்வோர், அலாரம், கேமரா பொருத்துவோர்